அழுதால் போதும்

"அம்மா, உன்கிட்ட வெள்ளைச் சேலை ஏதாச்சும் இருக்கா?"

விரல் இடுக்கில் காய்ந்து போன சிமெண்டைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"யாருடி செத்தா?"

"யாரும் சாகல. பள்ளிக்கூட நாடகத்துக்கு. சார் கேட்டாரு."

"என்கிட்ட இருக்கும்னு எத வச்சுக் கேட்டாராம்?"

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும். தண்ணீர்க் குழாயில் சண்டை வந்தால் வக்காலத்து வாங்க அவளைத்தான் தேடுவார்கள். அந்த வாயாடி சுவரைப் பார்த்து நின்றாள் என்றால் விஷயம் பெரிசு என்று அம்மாவுக்குத் தெரியும்.

அம்மாவிடம் வெள்ளைச் சேலை கிடையாது. புருஷன் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து செத்தபோது வாயாடி அப்போதுதான் நடை பழகியிருந்தாள். காரியம் முடிந்த மறுநாளே அம்மா அவன் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு சித்தாளாகப் போய்விட்டாள். வெள்ளை கட்டவில்லையே என்று தெரு கொஞ்ச நாள் முணுமுணுத்தது. "வெள்ளை கட்டிக்கிட்டு செங்கல் சுமந்தா மத்தியானத்துக்குள்ள அதுவும் கலர் சேலைதான்டி" என்று சிரித்துவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். தெருவுக்கும் வாய் வலித்துப்போய் விட்டுவிட்டது.

"நீ வக்கீல் வேஷம்தானே? வக்கீலுக்கு எதுக்கு வெள்ளைச் சேலை?"

"வக்கீல் இப்ப கணக்காளர் பொண்ணு."

"அவதானே தாலியறுத்தவளா நடிக்கறா?"

"அவங்க அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து சத்தம் போட்டுட்டாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு வெள்ளை கட்டினா அபசகுனமாம். அப்புறம் சார் ஒவ்வொருத்தியா கேட்டாரு. எல்லா வீட்லயும் அதே பேச்சு. கடைசியா என்கிட்ட வந்தாரு."

"நமக்கு மட்டும் அபசகுனம் இல்லையாமா?"

"நம்ம வீட்டுல ஏற்கெனவே நடந்து முடிஞ்சிருச்சாம்."

அம்மா கையைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு வசனம் நிறைய இருக்கா?"

"இல்லம்மா."

"கொஞ்சமாவது?"

"ஒண்ணுமே இல்ல. அழுதா போதுமாம்."

மறுநாள் அம்மா அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். உடைந்த பெஞ்சுகளை அடைத்து வைத்திருந்த அறையைத்தான் நாடகத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். அட்டைக் கிரீடங்களும் பஞ்சுத் தாடிகளும் ஆணியில் தொங்கின. நாடக வாத்தியார் நாற்காலியைத் துடைத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். நல்ல மனுஷன்தான். தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி இந்த அறையை வாங்கியவர், விதவைகளுக்கு இழைக்கும் கொடுமை ஒழிய வேண்டும் என்று ராப்பகலாக உட்கார்ந்து அந்த நாடகத்தை எழுதியவர், எல்லாம் அவரே.

"இந்தப் பாத்திரம்தாம்மா நாடகத்துக்கே உயிரு" என்றார்.

"உயிருக்கு வாய் கிடையாதா சார்?"

"மௌனம்தாம்மா அதோட பலம். சபையே கண் கலங்கும் பாருங்க."

"என் பொண்ணு வக்கீல் வசனத்தப் பாத்திரம் கழுவும்போதுகூடச் சொல்லிக்கிட்டு இருந்தா. எங்க வீட்டுச் சட்டிபானைக்கே மனப்பாடம். அவகிட்டப் போயி அழுன்னு சொன்னா?"

"எனக்கும் வருத்தம்தான். நான் இந்தச் சகுனம் கிகுனமெல்லாம் நம்பறவன் இல்ல. ஊர் நம்புதே, என்ன செய்ய? உங்க வீட்டுலன்னா... உங்களுக்கே தெரியும்."

"உங்க பொண்ணும் இங்கதானே சார் படிக்குது? அதை வெள்ளை கட்டி மேடையில நிறுத்தலாமே."

வாத்தியாரின் காதுமடல் சிவந்தது. "வீட்டுக்காரி ஒத்துக்க மாட்டா" என்றார், மெதுவாக.

அம்மா எழுந்து வெளியே வந்தாள். மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்றுதான் வந்தாள். நடைவழியில் மகள் குறுக்கே நின்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெடுத்துடாதம்மா. போட்டி நாடகத்துல மேடை ஏறினவங்களத்தான் அடுத்த வருஷம் நாடக வகுப்புல சேப்பாங்க. இத விட்டா எனக்கு எப்பவும் இல்ல."

"அழுவுறதுக்கு ஒரு வகுப்பாடி?"

"அங்க போயிட்டா பேசலாம்மா."

அம்மா தலைத்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். வெள்ளைச் சேலையைப் பள்ளிக்கூடமே வாங்கியது.

போட்டி நாளன்று பல பள்ளிகளிலிருந்தும் வந்து மண்டபம் நிரம்பி வழிந்தது. அம்மா கடைசி வரிசையில், கூட்டிப் பெருக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். திரை விலகியது. மேடை நடுவில் வெள்ளைப் புடவையில் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குச் சுரீர் என்றது. நாடகம்தான் என்று தெரிந்தும் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள்.

மாமனார் பேசினார். அண்ணன்காரன் பேசினான். கணக்காளர் மகள் கறுப்பு அங்கியில் வந்து இரண்டு இடத்தில் தடுமாறிப் பேசினாள். தடுமாறிய இடத்தில் மகளின் உதடு அந்த வார்த்தையைத் தானாக முணுமுணுத்ததை அம்மா பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் மகன்தான் சீர்திருத்தவாதி. அவன் நெஞ்சை நிமிர்த்தி, "இந்த அபலைக்கு நான் வாழ்வு கொடுக்கிறேன்!" என்றான். கைதட்டல் காதைப் பிளந்தது. நீதிபதி மேசையைத் தட்டி, "இவளை இவருக்கே மணமுடித்து வைக்கத் தீர்ப்பளிக்கிறேன்" என்றார்.

இனி அவள் ஓடி வந்து அவன் காலில் விழ வேண்டும். திரை மூட வேண்டும். பையன் தோதாக ஒரு காலை முன்னே எடுத்து வைத்து நின்றான்.

மகள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அந்த முந்தானையைச் சுற்றி இழுத்து இடுப்பில் செருகினாள். சுமை தூக்கப் போகிறவர்கள் செருகுகிற மாதிரி.

"நான் சரின்னு சொல்லலையே" என்றாள்.

நீட்டிய காலை இழுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் பையன் நின்றான். நீதிபதி வக்கீலைப் பார்க்க, வக்கீல் திரையைப் பார்த்தாள். கடைசி வரிசையில் பெருக்குகிற பெண்களில் ஒருத்தி, "அப்படிப் போடு!" என்று தொடையைத் தட்டினாள். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பும் கைதட்டலும் திரை மூடியும் அடங்கவில்லை.

அம்மா இடித்துப் பிடித்து மேடைக்குப் பின்னால் போனபோது வாத்தியார் அவள் மகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "உனக்கு ஒரு வரிகூட நான் எழுதலையே! யாரக் கேட்டுப் பேசின? என் நாடகத்தையே நாசம் பண்ணிட்ட. இனிமே நாடக வகுப்புப் பக்கம் உன் தலையே தெரியக் கூடாது."

மகள் மறைவில் போய்ச் சீருடைக்கு மாறினாள். வெள்ளைப் புடவையை மடித்து அவர் முன்னால் வைத்தாள்.

இருவரும் வாசலைத் தாண்டும்போது ஒலிபெருக்கி பேசியது. முதல் பரிசு அவர்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான். நடுவராக வந்திருந்த பெண்மணி நாடகத்தின் முடிவை மெச்சிக்கொண்டே போனாள். "அந்தக் கடைசி ஒரு வரிக்காகவே கொடுத்தோம். எழுதியவருக்கு எப்படித் தோன்றியது?" வாத்தியாரின் குரல் கேட்டது. "ரொம்ப நாள் யோசித்து எழுதியதுங்க."

மேடையில் வராத அழுகை மகளுக்குத் தெருவில் வந்தது. அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

முதல் பரிசு வாங்கிய பள்ளிகள் மோதும் பெரிய போட்டி நெருங்கியபோது வாத்தியார் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே வந்தார். பளபளக்கிற செருப்பு மணலில் புதையப் புதைய நடந்து வந்தார். மேஸ்திரி, "யாரு சார், வீடு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டு அசடு வழிந்தான்.

அம்மா கலவைச் சட்டியை இறக்காமலே நின்றாள்.

"உங்க பொண்ணு வரணும்மா" என்றார். "வேற ஆள் கிடைக்கல. அந்த வரியப் பேச எல்லாப் பொண்ணும் தயாரா இருக்கு. ஆனா வெள்ளை கட்ட எந்த வீட்டுலயும் விட மாட்டேங்கறாங்க."

"வேற கலரக் கட்டி விடுங்களேன்."

"அப்புறம் விதவைன்னு யாருக்குத் தெரியும்?"

அம்மா தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். பச்சையில் மஞ்சள் பூப்போட்டது, மேலே ஆம்பளைச் சட்டை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் புரிந்த மாதிரி தெரியவில்லை.

"வகுப்புல இடம் போட்டுடறேன். நான் கோபத்துல சொன்னத மனசுல வச்சுக்காதீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா."

"கேப்பா சார். அதனாலதான் நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"அவ பள்ளிக்கூடத்துலதான் இருக்கா. போயி அவளையே கேளுங்க. சரின்னா சரி. முடியாதுன்னா உங்க பொண்ணுக்குச் சொல்லிக் கொடுங்க. சின்ன வரிதானே சார், நீங்க எழுதினதுதானே."

மேலே கொத்தனார் கலவை கேட்டுக் கத்தினான். அம்மா சாரத்தின் பலகையில் ஏறினாள். சட்டியைக் கொட்டிவிட்டுக் கீழே பார்த்தபோதும் வாத்தியார் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் பள்ளிக்கூடம் போகும் தெரு, இன்னொரு பக்கம் அவர் வீட்டுக்குப் போகும் தெரு. எந்தப் பக்கம் திரும்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.