பட்டறைக் கத்தி

சோபாப் பட்டறையில் வேலை பார்த்த குஷன்காரர் திருடியது ஒரேயொரு பால்பவுடர் டப்பா. கடை வாசலில் காவலாளி சட்டையைப் பிடித்து இழுத்தபோது அது மட்டும் விழுந்திருந்தால், நாலு திட்டும் ஓர் அபராதமும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பார். கூடவே, சோபாவுக்குத் துணி வெட்டும் கத்தியும் விழுந்தது. நேரம் கெட்டால் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருந்தாலும் நாய் கடிக்கத்தானே செய்யும்.

காவல் நிலையத்தில் அதிகாரி குஷன்காரரின் மனைவியை உட்காரவைத்து மரியாதையாகத்தான் கேட்டார்.

"வேலைக் கத்திய உங்க வீட்டுக்காரர் வீட்டுக்குக் கொண்டுவர்றது உண்டாம்மா?"

பட்டறையிலிருந்து ஓர் ஆணியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். குழந்தையின் மெத்தையை அளவாக வெட்ட வேண்டும், இன்றைக்கு ஒருநாள் கத்தியைக் கொண்டுவாருங்கள் என்று காலையில் நச்சரித்தவளே அவள்தான். முதலாளியைக் கேட்காமல்தான் எடுத்திருப்பார். டப்பா ஒரு திருட்டு. கத்தியும் சேர்ந்தால் இரண்டு. அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். பாவி, அதைப் புத்திசாலித்தனம் என்று வேறு நம்பினாள்.

"இல்லவே இல்லைங்க. ஒரு ஊசிகூடக் கொண்டுவர மாட்டார். அவ்வளவு நேர்மை."

அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு வந்த வக்கீலம்மா அதைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? டப்பா எடுத்தது சின்னக் குற்றம். வேலைக் கத்தி தற்செயலா கையில இருந்துச்சுன்னா இன்னிக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாம். வீட்டுக்கே கொண்டுவராதவர் மிரட்டத்தான் எடுத்துட்டு வந்தார்னு ஆச்சுன்னா ஆயுதத்தோட கொள்ளை. வருஷக்கணக்கா உள்ள இருக்கணும்."

அவள் அதிகாரியிடம் ஓடினாள். "நான்தாங்க கொண்டுவரச் சொன்னேன்! பயத்துல பொய் சொல்லிட்டேன்!"

"வக்கீல் வந்தப்புறம் எல்லாருக்கும் ஞாபகம் வந்துடும்மா," என்றார் அவர், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் கெஞ்சியாவது பார்த்திருப்பாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயால் கெட்டதோ புருஷன்.

கம்பிக்குப் பின்னால் குஷன்காரர் தெம்பாகவே இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"அழாத. கத்தி நீ கேட்டதுக்குத்தான் எடுத்தேன், என் பெண்டாட்டியக் கேட்டுப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன். உன்னைக் கேட்டாங்களா?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டாங்க."

"அப்பாடா," என்று சிரித்தார் அவர்.