இயக்குநரின் கன்னம்

இணைப்பு உத்தரவு அமலுக்கு வந்த அன்று காலை, ஒரு சின்ன ஊர் அரசு ஆஸ்பத்திரியில் செவிலி வாங்கிய அறை, ஒரு பகல் பயணத் தூரத்தில் இருந்த தலைநகரில் சுகாதார இயக்குநரின் கன்னத்தில் விழுந்தது. கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவருக்குக் கடைவாய்ப் பல் ஆடிப்போயிற்று. செவிலிக்கோ கொசு உட்கார்ந்த அளவுகூடத் தெரியவில்லை.

அறைந்தவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. நாடு முழுவதும் ஒரே திட்டம் என்று மேலிடம் முடிவெடுத்து, சின்ன ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவையும் ஆபரேஷன் அறையையும் பூட்டிவிட்டு, எல்லோரையும் நகரத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தது. கையெழுத்து இயக்குநருடையது. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அதைச் சொல்லும் வேலை செவிலியுடையது. அடிக்கத் தோதாக எதிரில் நின்றவள் அவள் ஒருத்திதான் என்பதால், வழியிலேயே உயிரைவிட்டவர்களின் அண்ணன், மாமன், மகள் என்று ஆளாளுக்கு வந்து கைவைத்தார்கள். ஒருத்தி முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள், இயக்குநரின் நெற்றி பிளந்தது. ஒருவன் குளுக்கோஸ் ஸ்டாண்டால் விலாவில் இடித்தான், இயக்குநருக்கு எலும்பு முறிந்தது. அவர் மனைவி முதலில் வேறு மாதிரி சந்தேகப்பட்டு முகம் கொடுக்காமல் இருந்தாள். சாப்பிடும்போது, யாரும் தொடாத அவர் மூக்கு அவள் கண்ணெதிரே உடைந்து தட்டில் ரத்தம் சொட்டிய பிறகுதான் நம்பினாள். அடியோடு கூடவே வசவும் காதில் விழுந்ததால், எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது இயக்குநருக்குச் சிரமமாக இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

"உன்ன அடிச்சா எனக்கு விழுதும்மா. யாரும் அடிக்க விடாத."

"உத்தரவுக்கு முன்னாடியிருந்தே வருஷக்கணக்கா அடிக்கிறாங்க சார். இப்பதான் நீங்க கேக்கறீங்க."

எத்தனை மன்றாடியும் வராத காவலர்கள் மறுநாளே வந்து வாசலில் நின்றார்கள். அடி நின்றுபோயிற்று. கதவு மட்டும் திறக்கவில்லை.

பிறகு ஒரு வெல்டரின் மனைவி வந்தாள். வீட்டிலேயே பிரசவமாகி, ரத்தம் நிற்காமல், தூக்கி வந்தவர்களின் முழங்கை வரை நனைந்திருந்தது. "இந்தக் கதவத் தெறந்தா போதுமே சிஸ்டர்," என்றான் வெல்டர். "தெறந்தாலும் உள்ள டாக்டர் இல்லப்பா. மாத்திட்டாங்க," என்று சொல்லி, இருந்த பஞ்சையெல்லாம் வைத்துக் கட்டி வேனில் ஏற்றிவிட்டாள் செவிலி. வேன் பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திரும்பி வந்த வெல்டர் கையில் இரும்புக் கம்பி இருந்தது. காவலர்களைத் தள்ளிவிட்டு, நேரே அவள் தலையைப் பார்த்து ஓங்கினான். அது விழுந்திருந்தால் தலைநகரில் ஒரு மண்டை பிளந்திருக்கும், அவளுக்குக் கொண்டை கலைந்திருக்கும். நிற்கத்தான் நினைத்தாள், அவ்வளவு ஆத்திரம் அவளுக்கு. ஆனால் செத்துப்போன இயக்குநரால் உத்தரவை ரத்து செய்ய முடியாது என்பது உறைத்து, கடைசி நொடியில் குனிந்துவிட்டாள். கம்பி மருந்து அலமாரியை நொறுக்கியது.

காவலர்கள் வெல்டரைத் தரையில் போட்டு மிதித்தார்கள். அவள் விடச் சொல்லியும் விடவில்லை. செவிலி கையை ஓங்கித் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். பிறகு மறு கன்னத்தில், பிறகு மறுபடியும் முதல் கன்னத்தில். காவலர்கள் காலை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார்கள். தன்னைத் தானே அடிப்பவளை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மேசையில் போன் அலறியது.

"நிறுத்தும்மா. காதுல ரத்தம் வருது."

"ஆபரேஷன் ரூமத் தெறக்கச் சொல்லுங்க சார். டாக்டர அனுப்புங்க."

"என் கையில இல்லம்மா. மேலிடத்து முடிவு."

"கன்னம் உங்களோடதுதானே சார்."

போனை மேசைமேல் வைத்துவிட்டு, தலையைச் சுவரில் மோதத் தொடங்கினாள். உயிர் போகாத அளவு அவளுக்குத் தெரியும். நர்ஸ் அல்லவா.

அந்த வாரமே அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் விதிவிலக்கு என்று உத்தரவு வந்தது. மற்ற ஊர்களில் பூட்டு அப்படியே இருக்க, இங்கே கதவு திறந்து டாக்டரும் வந்து சேர்ந்தார். சில நாட்கள் கழித்து, எவ்வளவோ போராடியும் ஒரு முதியவர் ஆபரேஷன் மேசையிலேயே இறந்துபோனார். சொல்ல வெளியே வந்த செவிலியை அவர் மகன் பளாரென்று அறைந்தான். சுரீரென்று வலித்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. போன் அடிக்கிறதா என்று சற்று நேரம் பார்த்தாள். அடிக்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு, உள்ளே காத்திருந்த அடுத்தவருக்கு ஊசி போடப் போனாள்.