சைரன் இல்லாத பயணம்

பத்தொன்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவருக்கு, சிக்னலில் காத்து நிற்பது என்பதே மறந்துபோயிருந்தது. தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகக் கடல் கடந்து வந்த இடத்தில், மாப்பிள்ளைதான் அவரை வழிக்குக் கொண்டுவந்தார்.

"மச்சான், இங்க வலது பக்கமா போகணும். ஹாரனைத் தொடாதீங்க. ரோடு காலியா கிடந்தாலும் சிவப்புன்னா நிக்கணும்."

ஒரு வாரம், தினமும் சாயங்காலம், மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினார். "தலைகீழா நின்னு சோறு திங்கிற மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்று புலம்பிக்கொண்டேதான்.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், தங்கை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு."

ஆம்புலன்ஸ் வர அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரியோ பத்து நிமிஷ தூரம். சாவியை எடுத்தார்.

முதல் திருப்பத்திலேயே இண்டிகேட்டர் என்று நினைத்து எதையோ தட்ட, வைப்பர் ஓடி காய்ந்த கண்ணாடியைக் கறகறவென்று தேய்த்தது. பின்சீட்டில் தங்கை வலியோடு வலியாகச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவருக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. ஈ காக்கை இல்லை. மூலையில் இருந்த பெரிய கட்டடம் குறுக்குத் தெருவை மறைத்தது.

"யாருமே இல்லையே, போயிடுண்ணா" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பிரேக்கிலிருந்து கால் தானாக எழும்பியது. மறுபடி அழுத்திக்கொண்டார்.

"ஊர்ல சத்தம் போட்டுக்கிட்டு வருவேன், எல்லாரும் ஒதுங்குவாங்க. இங்க நான் வர்றது யாருக்கும்மா தெரியும்? கொஞ்சம் பொறுத்துக்கோ."

சொல்லி வாய் மூடவில்லை, கட்டடத்தின் மறைவிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் பறந்து வந்து குறுக்கே கடந்து போனாள். பின்னால் குட்டி சீட்டில் ஒரு குழந்தை, தொப்பி சரிந்து தூங்கிக்கொண்டிருந்தது.

தங்கை அவர் சட்டையை விட்டாள். பச்சை விழுந்தது.

ஆஸ்பத்திரியில் வண்டியை அவசரப் பிரிவின் வாசலிலேயே நிறுத்தினார், கைப்பழக்கம். தங்கையை நர்சுகள் உள்ளே தள்ளிக்கொண்டு போனதும், காவலாளி தன்மையாகத் தோளைத் தொட்டு, பார்வையாளர் வண்டிகள் நிற்கும் இடத்தைக் கை காட்டினார். அங்கே நிறுத்தி, மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி, வழி தவறி இரண்டு மாடி ஏறி இறங்கி வார்டைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் தாய்மாமன் ஆகியிருந்தார்.

"பொண்ணுண்ணா" என்றாள் தங்கை.

அப்போதுதான் அவருக்கு அந்த சைக்கிள் குழந்தையின் சரிந்த தொப்பி கண்முன் வந்தது. குழந்தையை நீட்டிய நர்சிடம், கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஜாடை காட்டினார்.