நான்காவது படிவம்

1

ஒளிவுமறைவு எதற்கு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு வரியை அழித்ததால் பிறந்த கதை இது. மலேசியப் பல்கலைக்கழகங்களுக்கான தேசிய விளையாட்டுப் போட்டியின் நிரலில் 'பெண்கள் 10,000 மீட்டர் வேகநடை' என்று ஒரு வரி இருந்தது. ஓட்டம், நடை, தாண்டுதல் எல்லாம் அடங்கிய திடல்தடப் பிரிவின் தொழில்நுட்பக் குழுவுக்கு நான்தான் செயலாளர். பெயர் சின்னையா. கணினியில் அந்த வரியை நானே அழித்தேன். இரண்டு மாதமாகிறது, இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த வரிக்குள் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு ஒரு பந்தயம் வேண்டும். கதை முழுக்க அவள் கேட்பது அது ஒன்றைத்தான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் காலைப் பனி மெல்ல

(வேண்டாம். குன்று இல்லாமல் ஈப்போக் கதை எழுதினால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.)

இரண்டாம் முயற்சி: புஷ்பலதா சின்ன வயதிலிருந்தே மற்ற பெண்களைப் போல் இல்லாமல்

(பொய். எல்லாரையும் போலத்தான் இருந்தாள்.)

சரி, நேராகவே வருகிறேன். புஷ்பலதா ஈப்போவில் சிலிபின்காரி. வயது இருபத்தைந்து, படிப்பில் கடைசி ஆண்டு. அப்பா சிம்பாங் பூலாய் கல்லுடைப்பில் லாரி ஓட்டுகிறார். விடிந்ததும் அவள் பயிற்சிக்குப் போவது பழைய ரப்பர் தோட்டத்துச் சாலைக்கு. தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. சாலை மட்டும் வெள்ளைக்காரன் போட்டது போட்டபடி நேராக ஒரு கிலோமீட்டர் கிடக்கிறது. வேகநடைக்கு அது போதும். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கவேண்டும், முன்கால் முட்டி மடங்கக்கூடாது. அதனால் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் வாத்து போகுதுடா என்பார்கள். ஆரம்பத்தில் அழுதாள், இப்போதெல்லாம் கை காட்டிவிட்டுப் போகிறாள்.

3

அவளிடம் ஒரு தங்கப் பதக்கம் இருக்கிறது. அதைப் பார்த்தாலே அவளுக்கு உறுத்தும்.

போன தடவை நடந்த போட்டியில், இருபத்தைந்து சுற்றில் இருபத்து நான்கு சுற்றும் ஷெரிலின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். ஷெரில் தெலுக் இந்தான்காரி. செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆம்புரோஸின் மகள், படிப்பது வேறு பல்கலைக்கழகத்தில். கடைசிச் சுற்றில், கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது, ஷெரிலுக்கு மூன்றாவது சிவப்பு அட்டை விழுந்தது. இரண்டு காலும் தரையை விட்டுவிட்டன என்று சொல்லி நடுவர்கள் அவளைத் தடத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். புஷ்பலதா காலித் தடத்தில் தனியே நடந்துபோய்த் தங்கம் வாங்கினாள். ஷெரிலை அவள் முந்தவில்லை. அதற்கு முன்பும் ஒரு தடவைகூட முந்தியதில்லை.

அன்று பிடித்த ஏக்கம். இன்னொரு தடவை அந்த முதுகுக்குப் பின்னால் நடக்கவேண்டும். முந்தினாலும் சரி, தோற்றாலும் சரி. ஷெரிலோ அத்தோடு நடையையே விட்டுவிட்டாள். போட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். இருபத்தைந்து வயதுக்கு மேல் நாங்கள் சேர்ப்பதில்லை. இந்த ஆண்டு இல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். தங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி ஏங்குவார்களா? மனைவி கலாதேவியிடம் வாசித்துக் காட்டினேன். உங்களுக்குப் புரியாதுதான் என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.)

4

இனிக் கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். மாணவர் விளையாட்டை நாடு முழுக்க யார் நடத்துகிறார்கள் என்று என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னால்தான் உண்டு. மேலே ஒரு மன்றம். அதன்கீழ் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தொழில்நுட்பக் குழு. போட்டியை ஏற்று நடத்துவது அந்தந்த முறைக்கு ஒரு பல்கலைக்கழகம். விதிப்புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மாணவர் தானாக வந்து பெயர் கொடுக்க முடியாது. அவருடைய பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவு அதிகாரியின் கையெழுத்தோடும் முத்திரையோடும் படிவம் வரவேண்டும். ஒரு நிகழ்வுக்குக் குறைந்தது நான்கு பல்கலைக்கழகங்கள் வேண்டும், மூன்றென்றால் ரத்து. ஆளே இல்லாத நிகழ்வில் சும்மா பதக்கம் பொறுக்கிக்கொண்டு போனார்கள், அதற்காக வந்த விதி. நல்ல விதிதான். அதை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

வேகநடைக்கு மூன்று படிவம் வந்திருந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

புதன்கிழமை புஷ்பலதா எனக்குப் போன் செய்தாள். எத்தனை வந்திருக்கிறது என்று கேட்டாள், சொன்னேன். நாலாவதை நான் தேடிக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்றாள். நேரத்துக்குள் முழுசாக வந்தால் எடுத்துக்கொள்வோம் என்றேன். இருபது வருடமாக இந்த வேலையில் எனக்கு வரும் போனெல்லாம் நடுவர்மேல் புகார். எதிராளி வேண்டும் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

5

உடனே அவள் ஷெரிலைக் கூப்பிட்டாள். பேசியதில் பாதி அவள் பிற்பாடு என்னிடம் சொன்னது, பாதி என் இட்டுக்கட்டு. எது எது என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

மூன்று தடவை ஷெரில் எடுக்கவில்லை. எடுத்ததும் புஷ்பலதா விஷயத்தைச் சொன்னாள்.

"பேர வேணா போட்டுக்கோ லா," என்றாள் ஷெரில். "நாலு யூனி ஆயிடும்ல. நான் வரமாட்டேன். நீ நடந்து மெடல் எடுத்துக்கோ."

(எழுதுகிறவனுக்கு இது எவ்வளவு வசதி! எனக்கும் ஷெரில் ஒரு பெயராக இருந்தால் போதும். கதைகளில் பாதிப் பேரை நாங்கள் அப்படித்தான் நிற்கவைக்கிறோம்.)

"பேரு எனக்கு எதுக்கு?" என்றாள் புஷ்பலதா. "எனக்கு நீதான் வேணும். நீ முன்னுக்கு நடக்கணும், நான் பின்னால வரணும். அந்த மெடல எடுத்தாலே உன் முதுகுதான் ஞாபகம் வருது."



"அன்னைக்கு எங்க வீட்ல எல்லாரும் வந்திருந்தாங்க," என்றாள் ஷெரில். "அப்பா இன்னும் அதப்பத்தி வாயே தொறக்கல. யோசிக்கிறேன் லா."

யோசிக்கிறேன் என்றால் நம் ஊரில் மாட்டேன் என்று அர்த்தம். புஷ்பலதாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

6

முடிவு அ: நான்கு ஐம்பதுக்குப் படிவம் வருகிறது. பந்தயம் நடக்கிறது. கடைசிச் சுற்றில் புஷ்பலதா ஷெரிலின் தோளுக்கு இணையாக

(ஐயோ, இதை எழுத எனக்கு எவ்வளவு ஆசை. முடியவில்லை.)

முடிவு ஆ: படிவம் வரவே இல்லை. யார்மேலும் குற்றமில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு.

நடந்தது இது. ஐந்து மணி பதினெட்டு நிமிடத்துக்கு மின்னஞ்சலில் நான்காவது படிவம் வந்தது. அதிகாரியின் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. முத்திரை வைத்த அலமாரியின் சாவி லீவில் போனவரிடம் இருக்கிறதாம், திங்கள் காலையில் அனுப்பிவிடுவார்களாம். அனுப்பியவள் ஷெரில். கீழே தமிழில் இரண்டு வரி எழுதியிருந்தாள்.

"சார், நான் வாரேன். புஷ்பாகிட்ட சொல்லல, லிஸ்ட்ல பேரப் பாக்கட்டும்."

குழு கூடுவது திங்கள் பத்து மணிக்கு. அதுவரை நான் காத்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். எனக்கு விதி பெரிதாகப் பட்டது. 'தாமதம், முழுமையற்றது' என்று ஷெரிலுக்குப் பதில் அனுப்பிவிட்டு, வரியை அழித்துவிட்டு, வீட்டுக்குப் போனேன்.

7

செவ்வாய்க்கிழமை நிரல் வெளியானதும் புஷ்பலதா கூப்பிட்டாள். சண்டை போடவில்லை. பதக்கக் கதையை, போனில் பேசியதை எல்லாம் அன்றைக்குத்தான் சொன்னாள். முடிக்கும்போது கேட்டாள்:

"ஷெரில் அனுப்பல, அப்படித்தான சார்?"

விதிப்படி நான்கு வரவில்லை என்றேன். பொய்யில்லை, நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எங்கே தேடினாலும் அது பொய்யில்லை. அவள் பரவால்ல சார் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இதற்குள் ஷெரிலே சொல்லியிருப்பாளா? தெரியாது. இரண்டாம் தடவையும் வெளியே எடுக்கப்பட்டவள் தானாகப் போய் அதைச் சொல்வாளா என்ன? புஷ்பலதாவின் எண் என்னிடம் இருக்கிறது. பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தடவை முடிவெடுத்ததே போதும், இன்னொன்று என்னால் ஆகாது. வாசித்த உங்களில் யாராவது அவளைப் பார்த்தால் ஷெரில் வருகிறேன் என்றுதான் எழுதியிருந்தாள் என்று சொல்லிவிடுங்கள். யார் அழித்தது என்று கேட்பாள். என் பெயரைச் சொல்லுங்கள்.