கருவேல மூட்டில் இரண்டு பொய்மீன்

மீன்பிடித் திருவிழாவுக்குத் தமுக்கடித்துச் சொல்லிவிட்டால், ஊர்த்தலைவரான அம்பலம் கரையில் ஏறி வெள்ளைத் துண்டை வீசும்வரை ஊர்க் கண்மாயில் ஒரு தூண்டில்கூட விழக் கூடாது. அது ஊர்க் கட்டு. கல்லல் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் அருண் ஜோசப்புக்கும் இது நன்றாகவே தெரியும். ஆனால் ஆசை யாரை விட்டது?

ஆன்லைனில் இரண்டு ஜெர்க்பெய்ட் வாங்கி வைத்திருந்தார். விரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் பொய்மீன். வயிற்றில் இரண்டு இடத்தில் மும்முனைக் கொக்கி. வீசி, தூண்டில் ராடை வெடுக் வெடுக்கென்று இரண்டு தரம் சுண்டி, சும்மா நிறுத்த வேண்டும். சாகக் கிடக்கிற மீன் என்று நினைத்து விரால் பாயும். நிறுத்தினால் மிதக்கிற ரகம் உண்டு, முங்குகிற ரகமும் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரும் பாசியும் உள்ள கண்மாய்க்கு மிதப்பதுதான் சரி. மனுசன் மூன்று வாரம் படித்துப் பார்த்துவிட்டு, பெரிய விரால் அடியில்தானே கிடக்கும் என்று முங்குகிறதை வாங்கினார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான்.

நாளைக்கு ஊரே அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பதைப்பில், திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆளில்லாத கரையிலிருந்து சிவப்புத் தலைப் பொய்மீனை வீசினார். இரண்டு சுண்டு சுண்டி நிறுத்தினார். அது முங்கிப்போய், தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்து மூட்டில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், தூண்டில் நரம்பு அறுந்தது. அத்தோடு போயிருக்கலாம். அதைக் கொக்கி போட்டு எடுக்கிறேன் என்று வெள்ளி நிறத்தையும் வீசினார், அதுவும் போயிற்று. இறங்கித் தேடலாமென்றால் எதிர்க்கரையில் காவலுக்கு ஆள் வந்துவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

காலையில் கரை கொள்ளாத கூட்டம். கூடையும் கச்சாவலையுமாக நின்ற அத்தனை பேரும் வெறுங்கால். அருண் ஜோசப் சட்டைப் பையில் கட்டிங் பிளேயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அம்பலம் வீரபாண்டியனிடம் போனார்.

"வாங்க சார், நீங்களும் எறங்குறீகளா?"

"இல்ல... அந்தக் கருவேல மூட்டுப் பக்கம் யாரும் போகாம இருந்தா நல்லது. கம்பி கிம்பி கிடக்கும்."

"கண்மாய்னா கம்பியும் கிடக்கும், கண்ணாடியும் கிடக்கும். வருசா வருசம் எறங்குறம்ல, என்ன ஆயிப்போச்சு?"

நேற்று நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்பலம் கரைமேல் ஏறினார். துண்டு பறந்தது.

அருண் ஜோசப் கூட்டத்தோடு விழுந்தடித்து அந்த மூட்டுக்கு ஓடினார். தன் காலில் குத்தினால் போதும் என்று சகதியைத் துழாவினார். ஒரு நொடியில் தண்ணீர் குழம்பிச் சேறாயிற்று. இடித்துத் தள்ளியவர்கள் அவரைப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள்.

கத்தியது காளியாயி. சார் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தைத்தான் தினமும் கூட்டிப் பெருக்குகிறவள். அவளைக் கரையில் தூக்கிப் போட்டார்கள். உள்ளங்காலில் சிவப்புத் தலைப் பொய்மீன் தொங்கியது. அவள் புருசன் பெத்தன் அதைப் பிடித்து இழுக்கப் போனான்.

"இழுக்காதீக. சதையோட வந்துரும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அருண் ஜோசப் மண்டியிட்டு, கொக்கி முனையை மறுபக்கம் தள்ளி வெளியே எடுத்து, பிளேயரால் நறுக்கினார். மிச்சத்தைப் பின்பக்கமாக உருவினார். காளியாயி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பிளேயரையே பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் கொண்டாந்தீகளா சார்?"

அவர் நிமிரவில்லை. "என்னுதுதான். இன்னொண்ணு உள்ள கிடக்கு. எல்லாரையும் கரையேறச் சொல்லுங்க."

சத்தம் கேட்டு வந்து நின்ற அம்பலம் அவரைத் திட்டக்கூட நேரமில்லாமல் கரைமேல் ஓடினார். கத்திப் பார்த்தார், அந்த இரைச்சலில் எடுபடவில்லை. வேறு வழி தெரியாமல் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி, ஏறுங்கள் ஏறுங்கள் என்று வீசினார்.

அந்த ஊரில் துண்டு வீசினால் இறங்கு என்றுதான் அர்த்தம். அப்போதுதான் லாரியில் வந்து இறங்கிய வலையபட்டிச் சனம், துண்டைப் பார்த்ததும் ஓவென்று கூவிக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு தண்ணீருக்குள் பாய்ந்தது.