ஹம்மாமில் பெண் பார்த்தது

அல்ஜீரியாவின் பாத்னாவில் எந்தத் தாயும் மருமகளாக வரப்போகிறவளை ஹம்மாமுக்கு, அதாவது ஊர்ப் பொது வெந்நீர்க் குளியலறைக்கு, கூட்டிப்போய் முதுகு தேய்த்துப் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டாள். துணி உடுத்திய பெண்ணைப் பார்த்து என்ன தெரிந்துவிடும்? ஆனால் உனிஸ்ஸா பேச்சை எடுக்கும்போதெல்லாம் மகன் யூபா குறுக்கே விழுந்தான். "அவளுக்குச் சூடு ஒத்துக்காதும்மா, விடு."

ஒத்துக்காதாமே! ஆகஸ்டு வெயிலிலும் மணிக்கட்டுவரை சட்டைக் கையை இழுத்துவிடுகிறவளுக்கா சூடு ஒத்துக்காது? உடம்பெல்லாம் வெண்குஷ்டம், சந்தேகமே இல்லை. மூடி மறைத்துத் தன் மகன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். இன்னொன்றும் உனிஸ்ஸாவை உறுத்தியது. அந்தப் பெண் திஹ்யா பேசும்போதெல்லாம் உனிஸ்ஸாவின் முகவாயையே பார்த்தாள். அங்கே என்ன பார்வை வேண்டிக்கிடக்கிறது?

வியாழக்கிழமை மகனிடம் மூச்சுவிடாமல் போய், அவளை வாளியும் துண்டுமாக இழுத்துவந்துவிட்டாள்.

திஹ்யா தயங்கித் தயங்கித் துண்டை விலக்கினாள். வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லை. முதுகு முழுக்க, இரண்டு கைகளிலும் மணிக்கட்டுவரை, பச்சை குத்தியிருந்தாள். மாதுளை, பாம்பு, கத்தி என்று என்னென்னவோ.

"அடிப்பாவி! இதையாடி மறைச்சே?"

"அவர்தான் மறைக்கச் சொன்னார் அத்தை. பச்சை குத்தினவளைக் கண்டாலே உங்களுக்கு அருவருப்பாம். பொம்பளைக்கு லட்சணமில்லன்னு சொல்வீங்களாம்."

"நானா?"

"உங்க முகவாயில இருக்கிற தழும்பு ரொட்டி அடுப்புல சுட்டுக்கிட்டதுன்னார். எனக்கு அப்பவே சந்தேகம். தழும்புக்கு அடியில நீலமா ஒரு கோடு தெரியுதே?"

உனிஸ்ஸாவின் கை முகவாய்க்குப் போனது. அவள் பன்னிரண்டு வயதில் குத்திக்கொண்ட பச்சை அது. அது இல்லாதவளை அன்றைக்கு யாரும் பெண்ணென்றே மதிக்கவில்லை. பிறகு எட்டு வயது யூபா ஒருநாள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தான். "உன்கூடத் தெருவுல வரமாட்டேன், அசிங்கமா இருக்கு" என்றான். அன்றைக்கே அந்தப் பச்சையை அழிக்கச் சுண்ணாம்பும் காரமும் வைத்துத் தேய்த்தாள். பத்து நாள் வாய் திறக்க முடியாமல் கஞ்சி குடித்தாள். அடுப்பாம், அடுப்பு!

"கல்யாணம் ஆனதும் இந்தப் பச்சையையெல்லாம் லேசர் வச்சு எடுத்துடலாம்னு சொல்லியிருக்கார்" என்றாள் திஹ்யா.

உனிஸ்ஸா அவளைத் திருப்பி உட்காரவைத்து, கறுப்புச் சோப்பை எடுத்து முதுகு தேய்க்க ஆரம்பித்தாள். தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"நான் உன்னைப் பார்த்துட்டேன். எனக்குச் சம்மதம். நீ அவனை இன்னொரு தடவை நல்லாப் பார்த்துக்கோ, பொண்ணே."