சூட்டுக் கட்டி

விக்டோரியாவின் பெயர் போனில் வந்தாலே கன்னியம்மாவுக்கு வயிறு எரியும். மணவாள நகரில் இருந்துகொண்டு, லிம்போமா புற்றுநோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் வாட்ஸ்அப் குழு நடத்துகிறவள். அவளோடு இவள் புருஷன் ஆசீர்வாதம் ஒரு மணி நேரம் பேசுவான். கட்டியவள் கேட்டால் மட்டும் ‘ஒண்ணுமில்ல’. அண்ணே அண்ணே என்றுதான் அவள் கூப்பிடுகிறாள்; கூப்பிடட்டுமே. அவளிடம் சிரிக்கிற சிரிப்பு இவளுக்குக் கிடைத்து எத்தனை மாதம் ஆயிற்று?

கஞ்சி வைப்பதும், ஆரம்பாக்கத்திலிருந்து சென்னை ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கூட்டிப்போவதும் இவள். கழுத்தில் கட்டி வந்தபோது, இரும்பு மில் உலைக்கு முன்னால் நிற்கிறவனுக்குச் சூட்டுக் கட்டிதான் என்று முடிவு கட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து இரண்டு மாதம் பத்து போட்டவளும் இவள்தான். அது நிணநீர் முடிச்சில் வந்த புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவன் லேசாக முனகினாலே ‘நான்தான் கெடுத்தேன்’ என்று தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். இவ்வளவுக்கும் பேச்சு மட்டும் இன்னொருத்திக்கா?

ஐந்தாவது கீமோ முடிந்த வாரம், அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து விக்டோரியாவை பிளாக் செய்து, எண்ணை அழித்து, குழுவிலிருந்தும் அவனை வெளியேற்றினாள். அன்றைக்குச் சோறு ருசியாக இறங்கியது.

மூன்று நாள் அவன் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். நாலாம் நாள் காலை சட்டை மாற்றிவிடும்போது முதுகு கொதித்தது. அவன் உடம்பு எப்போதும் சூடுதான், பதினாறு வருஷமாகத் தெரிந்ததுதான். ஆனால் மில்லுக்குப் போய் ஐந்து மாதமாகிறதே. தலையணைக்கு அடியில் காய்ச்சல் மாத்திரை அட்டை, பாதி காலியாக.

விக்டோரியாவின் எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. எதிரியின் எண் ஆயிற்றே, மனப்பாடம். தெர்மாமீட்டரில் நூற்றியொரு டிகிரி என்றதும், ஏன் பிளாக் செய்தாய் என்றுகூட அவள் விசாரிக்கவில்லை.

“மாத்திர குடுத்துப் பாத்துக்கினு இருக்காதக்கா. கீமோல ரத்தத்துல எதிர்ப்பு சக்தி கொறஞ்சிருக்கும். காய்ச்சல்னா உடனே ஆஸ்பத்திரி. வண்டி புடி. எங்கூட்டுக்காரரு இப்டித்தான் மறைச்சாரு. நான் லேட்டா தொட்டுப் பாத்தேன்.”

மத்தியானத்துக்குள் அவன் கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர். நல்ல பெயர் கிடைத்தது இவளுக்கு. அதிலும் விக்டோரியாவுக்குப் பங்கு இருந்தது கன்னியம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

“அவகிட்ட சொல்றத எங்கிட்ட ஏன்யா சொல்லல?”

அவன் கண்ணை மூடியபடியே சொன்னான். “சொன்னா அந்தப் பத்து போட்டதையே சொல்லி அழுவ. அப்பறம் நான் உன்னத் தேத்தணும். எனக்குத் தெம்பு இல்ல கன்னி. அவ கேட்டுக்குவா, அவ்ளோதான்.”

பிளாக்கை எடுத்துவிட்டு, செய்ததையும் சொல்லி, போனை அவன் பக்கத்தில் வைத்தாள்.

“அவகிட்டயும் பேசிக்க. ஆனா மொதல்ல எனக்கு சொல்லணும். நான் அழ மாட்டேன்.”

அவன் போனைத் தள்ளி வைத்தான்.

“கழுத்து வலிக்குது” என்றான்.

கன்னியம்மா முந்தானையை வாயருகே கொண்டுபோய், மறுபடி கீழே விட்டாள்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.